வீட்டை வந்து சொல்லு

ஒரு கலியாணக் கார்ட்டைக் கையில் கொடுப்பதற்காகப் பூமியின் மறுபக்கம் வரை பறந்த இரண்டு பேரை நீங்கள் விசரர் என்று சொல்லலாம். நானும் சொல்லியிருப்பேன், அந்த இரண்டு பேரில் ஒருவன் நானாக இல்லாவிட்டால்.

மற்றவன் நேசன். கனடாவில் அஜக்ஸில் வீடு, ஒஷாவாவில் வேலை, மிச்ச ஆயுள் 401 நெடுஞ்சாலையில். வருகிற ஓகஸ்ட்டில் அவன் மகள் அபிராமிக்குக் கலியாணம். மாப்பிள்ளை சம்மதம், மண்டபம் சம்மதம், சாப்பாட்டுக்காரர்கூடச் சம்மதம். பொம்பிளைதான் ஒரு நிபந்தனை போட்டாள்: "ரவி மாமா வராட்டி நான் மணவறையிலை இருக்க மாட்டன். அப்பா, ஐ ஆம் சீரியஸ்."

ரவி எங்கள் மூன்றாவது கூட்டாளி. அபிராமி பிறந்த நாள் ரொறன்ரோவில் பனிப்புயல். நேசன் தொழிற்சாலையில் மாட்டிக்கொண்டான். வலியெடுத்த அவன் மனைவி சுகந்தியைத் தன் ஓட்டைக் காரில் ஏற்றி, வைப்பர் உடைந்துபோக, தலையை யன்னலுக்கு வெளியே நீட்டியபடி ஆஸ்பத்திரிக்கு ஓட்டியவன் ரவி. தாதி அவனையே தகப்பன் என்று நினைத்துப் பிள்ளையை முதலில் அவன் கையில்தான் கொடுத்தாளாம். சில வருடங்களில் ரவி மெல்பேர்ணுக்கு இடம்பெயர்ந்தான். எங்களுக்கு இடம்பெயர்வு தடிமன் காய்ச்சல் மாதிரி, அடிக்கடி வரும்.

பிறகு அபிராமி பெரியபிள்ளையாகி, சாமத்திய வீடு வந்தது. ரவிக்கு நேசன் அனுப்பிய அழைப்பு, வாட்சப் குறூப்பில் போட்ட ஒரு படம். அடியில் வழமையான வாசகம்: "இதனையே நேரில் வந்து அழைத்ததாக ஏற்று வருகை தரவும்." ரவி ஏற்கவில்லை. ஒரு கட்டைவிரலைப் பதிலாகப் போட்டான். அந்த விரல்தான் அவன் நேசனோடு கடைசியாகக் கதைத்தது. ஒன்பது வருடம்.

எங்கள் யாழ்ப்பாண ஆட்களைத் தெரியாதவர்களுக்கு ஒரு சொல்: நாங்கள் குண்டை மறப்போம், அகதியாய் ஏறின கப்பலை மறப்போம், வீட்டுக்கு வந்து சொல்லாததை மட்டும் மறக்க மாட்டோம். கார்ட்டை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். புருசன் பெண்சாதி இருவரும் நிற்க, தட்டத்தில் வைத்து நீட்ட வேண்டும். நீட்டிவிட்டு ஒரு தேத்தண்ணியாவது குடிக்க வேண்டும். இதில் எது குறைந்தாலும் அது அழைப்பு அல்ல, அறிவித்தல்.

எனக்கு இதில் என்ன வேலை? நடுவில் நிற்பது. இருவரோடும் கதைக்கிற ஒரே ஆள் நான். கவிதை எழுதுகிறவனுக்கு வேறு என்ன வேலை இருக்கப்போகிறது என்பது, ஒன்பது வருடமாக அவர்கள் இருவரும் ஒத்துக்கொண்ட ஒரே விசயம். "வரட்டும், பாப்பம்" என்று ரவி ரெலிபோனில் சொன்னதை நான்தான் சம்மதம் என்று மொழிபெயர்த்தேன்.

பெப்ரவரி. ரொறன்ரோவில் மூக்குக்குள் மயிர் உறைகிற குளிர். செவ்வாய்க்கிழமை காலை மெல்பேர்ணில் இறங்கினோம், உருகின மாதிரி.

அவுஸ்திரேலியாவுக்கு இரண்டு விசயத்தில் பயம்: படகில் வரும் ஆள், பெட்டியில் வரும் இலை. நாங்கள் முதலாவது வழியால் வராதபடியால் இரண்டாவதில் பிடிபட்டோம். சுகந்தி பெட்டிக்குள் அரைவாசிக் கலியாண வீட்டை அடுக்கி அனுப்பியிருந்தாள். வெள்ளித் தட்டம், குங்குமம், சந்தனம், வெற்றிலை, பாக்கு, மஞ்சள் பூசின அரிசி. நல்லகாலம், படிவத்தில் எல்லாவற்றுக்கும் 'ஓம், இருக்கிறது' என்று கீறியிருந்தேன். கையுறை போட்ட அதிகாரிப் பெண் வெற்றிலையை, வாலில் பிடித்த எலியைப்போலத் தூக்கினாள்.

"இது சாப்பிடுவதற்கா?"

"இல்லை. கூப்பிடுவதற்கு," என்றான் நேசன்.

"இலையாலா கூப்பிடுவீர்கள்?"

"இலை இல்லாமல் கூப்பிட்டுத்தான் அம்மா பிரச்சினையே வந்தது."

வெற்றிலை, பாக்கு, அரிசி மூன்றும் தொட்டிக்குள் போயின. தட்டமும் கார்ட்டும் தப்பின. "மகளுக்கு வாழ்த்துகள்," என்றாள் அவள் மெய்யாகவே. நேசனுக்கு மனம் இளகிவிட்டது. மேலதிகமாகக் கொண்டுவந்த கார்ட்களில் ஒன்றை உருவி நீட்டினான். "ஓகஸ்ட்டில் கட்டாயம் வர வேண்டும்." அவள் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பொன்னெழுத்துகளைப் பார்த்தாள். ஆக, அவுஸ்திரேலியாவில் இந்தக் கலியாணத்துக்கு முதல் அழைப்பு அவளுக்குத்தான்.

வெளியே வாகனத் தரிப்பிடத்தில் ரவி நின்றான். நரைத்த தாடி, அரைக் காற்சட்டை, ரப்பர் செருப்பு. அவனுக்குப் பின்னால் ஒரு நெட்டையான வெள்ளை வான். நேசனும் நானும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டோம். ஊரில் ஆட்களைக் கடத்திப்போன வண்டி அது, எங்கள் வயதுக்காரருக்கு வெள்ளை வான் என்றால் கால் தானாக நிற்கும்.

"பயப்பிடாதையுங்கோடா," என்றான் ரவி. "இது ஏத்தின ஆக்களைத் திருப்பி இறக்கிவிடுற வான்."

சிரித்தோம். ஒன்பது வருடத்தின் முதல் சிரிப்பு இப்படி ஒரு கேடுகெட்ட பகிடிக்குத்தான் வர வேண்டியிருந்தது.

அந்தச் சூட்டோடு நேசன் பெட்டியைத் தாரில் வைத்துத் திறந்து தட்டத்தை எடுத்தான். ரவி, மருந்து குடிக்க மறுக்கிற பிள்ளைபோல இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டினான்.

"அப்ப போனிலை. இப்ப தார் ரோட்டிலையோ? வீட்டை வந்து சொல்லு."

"சரி. வீட்டை போவம்."

"வீடு எங்கை ஓடவே போகுது? விறைச்சுப்போய் வந்திருக்கிறியள். முதல் கடலைப் பாருங்கோ."

"வதனி எப்பிடி?" என்று அவன் மனைவியைப் பற்றி நான் கேட்டேன்.

"சுகம்," என்றான். வானை எடுத்தான்.

இப்படித்தான் எங்கள் கடற்கரைப் பயணம் தொடங்கியது. சனிக்கிழமை திரும்ப விமானம். அதற்குள் நேசன் கார்ட்டைக் கொடுக்க வேண்டும், ரவி வாங்க வேண்டும்.

கடல் சொல்லாமல் வந்தது. ஒரு வளைவைத் திரும்பினோம், இடப்பக்கக் கண்ணாடி முழுக்க நீலம். ரொறன்ரோவிலும் தண்ணீர் இருக்கிறது. ஆனால் எங்கள் ஏரி ஒழுக்கமான தண்ணீர். பொதுநூலகத்தில் இருப்பதுபோல இருக்கும், மாரிக் குளிரில் கரையோரம் உறைந்து கண்ணாடி போட்டுக்கொள்ளும். இந்தக் கடல் அப்படியல்ல. குடித்துவிட்டுக் கலியாண வீட்டுக்கு வந்த மச்சினன்போலப் பாறையில் மோதுகிறது, மன்னிப்புக் கேட்கிறது, மறுபடி மோதுகிறது. உப்பு யன்னலால் ஏறி உதட்டில் உட்கார்ந்தது. இருபத்தைந்து வருடமாக உப்பில்லாத தண்ணீரின் ஓரம் வாழ்ந்த நாக்கு, ஒரு கணம் தன் பெயரை ஞாபகப்படுத்திக்கொண்டது.

ரவி கண்ணாடியால் என்னைப் பார்த்தான். "கவிஞரே, கவிதை வருதெண்டால் சொல்லும், ஓரமா நிப்பாட்டுறன். சீற்றிலை விட்டிடாதையும்."

நேசனின் கவனம் கடலில் இல்லை. ஓட்டுநர் சீற்றுக்குப் பின்னால், சீற் பெல்ற் கட்டியபடி ஒரு கறிவேப்பிலைச் செடி இருந்தது. அஜக்ஸில் கறிவேப்பிலை என்றால் வீட்டுக்கு இன்னொரு பிள்ளை. ஒக்ரோபரில் உள்ளே தூக்குவோம், விளக்குப் போடுவோம், இலை உதிர்ந்தால் குடும்பமே கவலைப்படும். ஆனால் உல்லாசப் பயணத்துக்கு ஒருவரும் கூட்டிப் போவதில்லை.

"ஏன்ரா உதைக் கொண்டு திரியிறாய்? வீட்டிலை விடலாமே?"

"தண்ணி ஊத்த ஆளில்லை."

"வதனி?"

"அவ வேலை," என்றான் ரவி. அவனும் வேலைதான். முந்தி நகரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் தாதி. இப்போது கரையோர ஊர்களின் முதியோர் இல்லங்களில், ஆள் குறைந்தால் இரண்டு கிழமை, மூன்று கிழமை என்று நிரப்பப் போகிறானாம். "ஒரு கிழவி என்னை ஒவ்வொரு நாளும் கிரிக்கெட் ஆட்டக்காரன் எண்டு நினைச்சுக் கையெழுத்து வாங்குறா. நானும் போட்டுக் குடுக்கிறன்."

மாலை ஒரு வாகனக் கூடார முகாமில் நிறுத்தினோம். இந்த நாட்டில் கடலோரம் ஊருக்கு ஒன்று இருக்கிறது. வானோடு வருபவர் வானில் படுப்பார், மற்றவர் ரென்ற் அடிப்பார். பொறுப்பாளர் அம்மா, "வா ரவி, உன் பழைய இடம் காலியாகத்தான் கிடக்கிறது," என்றாள்.

"அடிக்கடி வாறனியோ?" என்றான் நேசன்.

"இடைக்கிடை."

ரவி வானில் படுத்தான். நேசனும் நானும் ரென்றில். "இவன் நாலு அறை வீடு வாங்கினது நாங்கள் உதுக்குள்ளை படுக்கவோ?" என்று நேசன் புறுபுறுத்தபடியே தட்டத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு நித்திரையானான்.

புதன் காலை நேசனுக்குச் சுகந்தியின் அழைப்பு. "குடுத்தாச்சோ?"

"இல்லை."

"இண்டைக்குப் பன்ரண்டுக்கு முன்னம் நல்ல நேரம். அதை விட்டால் வெள்ளி காலமை ஒன்பதுக்கு முன்னம். பேந்து ஒண்டுமில்லை. ஐயர் எழுதித் தந்தவர்."

"உங்கை இன்னும் செவ்வாய்தானே. ஐயர் எந்த ஊர் நேரத்துக்கு எழுதினவர்?"

இந்தக் கேள்வி ஐயருக்கும் வந்திருக்காது. ராகுகாலம் ரொறன்ரோக் கணக்கா, மெல்பேர்ண் கணக்கா? தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த ரவி தீர்ப்புச் சொன்னான்: "ராகுவும் இஞ்சை வாறதெண்டால் எயார்போட்டிலை டிக்ளேயர் பண்ணத்தான் வேணும். இஞ்சத்தை நேரம்தான்."

"அப்ப பன்ரண்டுக்கு முன்னம் வீட்டை போவமோ?"

"கோலா பாக்கேல்லையே நீங்கள்," என்றான் ரவி.

கோலா பார்த்தோம். யூக்கலிப்ரஸ் மரக்கிளையில் ஒரு சாம்பல் மூட்டை தொங்கியது. நாள் முழுக்க நித்திரை, எழும்பினால் இலை, திரும்ப நித்திரை. வேலை இழப்பு நிவாரணத்தில் இருந்த என் அந்தக் காலத்து அறைத் தோழனின் முகவெட்டு அப்படியே இருந்தது. நேசன் கோலாவைப் பார்க்கவில்லை, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். பன்னிரண்டு அடித்தது. அவன் முகம் விழுந்ததை நான் பார்த்தேன். ரவியும் பார்த்தான். பார்த்துவிட்டு வானுக்குப் போய் எண்ணெய் பார்ப்பதுபோல முன்பக்கத்தைத் திறந்துகொண்டு குனிந்தான்.

மத்தியானம் ஒரு மீன் கடை. மாவில் தோய்த்துப் பொரித்த மீனும் கிழங்கும். மீனின் பெயர் ஃப்ளேக் என்று பலகையில் எழுதியிருந்தது. நேசன் ஒரு துண்டை வாயில் வைத்தான். மென்றான். நிறுத்தினான்.

"மச்சான், இது சுறா!"

கடைக்கார அம்மாவும் தலையாட்டினாள். "ஓம், சின்னச் சுறாதான். நாங்கள் வேறு பெயரில் சொல்வோம், சனம் பயந்துவிடும்."

"பயமோ!" நேசன் பரவசத்தில் எழுந்தேவிட்டான். "மாவைக் கழட்டிப்போட்டுத் தாங்கோ. இல்லை, பொரிக்காததைத் தாங்கோ!" அவன் எழுந்த தருணத்தில், கதிரைச் சாய்மானத்தில் காத்திருந்த வெள்ளைக் கொண்டைக் கிளி ஒன்று இறங்கி, அவன் கிழங்கில் ஒரு பிடியை எடுத்துக்கொண்டு, அவசரப்படாமல் நடந்து போனது. கனடாவில் கடற்காகம் களவெடுக்கும். ஆனால் களவென்று தெரிந்து ஓடும். இது வாடகை வாங்கியதுபோலப் போனது.

அன்று பின்னேரம் ரவி சுறா வறை வைத்தான். அவித்து, உதிர்த்து, பிழிந்து, தேங்காய்ப்பூவும் பச்சைமிளகாயும் போட்டு, பெல்ற் கட்டின செடியிலிருந்து நாலு நெட்டு இலை உருவிப் போட்டு. முகாம் முழுக்க மணந்தது. பக்கத்து வாகனத்து ஓய்வூதியத் தம்பதி, கிண்ணத்தோடு வந்து நின்றார்கள். வானின் அடுக்கில் மிளகாய்த்தூள், வெந்தயம், பெருஞ்சீரகம் எல்லாம் பெயர் ஒட்டிய போத்தல்களில் வரிசையாக இருந்தன. 'நல்ல ஆயத்தமாய்த்தான் வந்திருக்கிறான்' என்று நினைத்தேன். கவிஞர்கள் நுட்பமாகக் கவனிப்பவர்கள் என்ற வதந்தியை யார் கிளப்பினார்களோ தெரியாது.

வியாழன். பன்னிரண்டு அப்போஸ்தலர்கள் என்று பெயர் வைத்த பாறைகளைப் பார்க்கப் போனோம். கரையிலிருந்து கோபித்துக்கொண்டு கடலுக்குள் இறங்கிப்போய்த் தனித்தனியாக நிற்கிற மஞ்சள் கற்கள். திரும்பி வரவும் மனமில்லை, முற்றாகப் போகவும் துணிவில்லை. அலை காலைத் தின்னத் தின்ன நிற்கின்றன. நேசன் விரல் மடித்து எண்ணினான். திரும்பவும் எண்ணினான்.

"டேய், எட்டுக்கூட வரேல்லை."

"பன்ரண்டு ஒருநாளும் இருந்ததில்லையாம்," என்றேன்.

"எங்கடை மண்டபக் கதைதான். பன்ரண்டு பேருக்குச் சாப்பாடு சொன்னால் வாறது எட்டு. மிச்சம் நாலும் ரவி மாதிரி, விரலைக் காட்டிப்போட்டு வீட்டிலை இருக்கிற கேஸ்."

பகிடிதான். ஆனால் காற்று அதை நேரே ரவியின் காதுக்குள் கொண்டுபோய் ஊற்றியது.

"நான் விரல் காட்டினனான். நீ என்ன காட்டினனி? படம்! குறூப்பிலை இருந்த அத்தினை பேருக்கும் போட்ட படம். 'இதனையே நேரில் வந்து அழைத்ததாக ஏற்று வருகை தரவும்.'" ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்புவித்தான். தேவாரத்தைக்கூட அவன் இப்படிப் பாடமாக்கியதில்லை. "முதல் முதல் அவளைக் கையிலை வாங்கினவன் நானடா. எனக்கும் குறூப்போ?"

"நான் ரண்டு வேலை செய்த நேரமடா அது. உன்னை விருந்தாளியெண்டு நினைக்கேல்லை. வீட்டாளுக்கு ஆர் கார்ட் குடுக்கிறது?"

"அப்ப இப்ப ஏன் தாறாய்?"

நேசன் வாயைத் திறக்க முன்னம் ஒரு சீனப் பெண் சிரித்தபடி வந்து, "மூன்று பேரும் சேர்ந்து நில்லுங்கள், படம் எடுத்துத் தருகிறேன்," என்று கைபேசியை வாங்கினாள். நின்றோம். பல்லைக் காட்டினோம். நேசனின் கை ரவியின் தோளில். அவள் நன்றியை வாங்கிக்கொண்டு போனதும் கையை எடுத்தான், சண்டையை விட்ட இடத்தில் பிடித்தான்.

"மூண்டு நாளா ஊரெல்லாம் காட்டுறாய், வீட்டைக் காட்டுறாயில்லை. குடுக்க விடாமல் திருப்பி அனுப்பப் பாக்கிறாய். வான் திறப்பைத் தா. நான் ஓடுறன். நேரா உன்ரை வீட்டை."

ரவி திறப்பைக் கொடுத்தான். மறுப்பே சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இடப்பக்கம் ஓட்டுவது எங்களுக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் இடப்பக்கம்தான் ஓட்டினோம். ஆனால் ஓட்டியது சைக்கிள். நேசன் சிக்னல் போட்டான், வைப்பர் ஆடியது. எரிக்கிற வெயிலில் வைப்பர் கிரீச்சிட, கோபத்தோடு முதல் சந்தியைத் திரும்பி, கனடாக்காரனின் முழு நம்பிக்கையோடு வலப்பக்கத்தில் ஏறினான். எதிரே பால் பவுசர் லொறி ஒன்று, ஊருக்கே கேட்க ஹோர்ன் அடித்தபடி. நான் கத்தினேன். நேசன் இடப்பக்கம் முறித்தான். வான் தாரைத் தாண்டி, சரளையைத் தாண்டி, ஓர மணலில் இரண்டு சில்லும் புதைந்து, யோசிக்கிற யானைபோலச் சரிந்து நின்றது.

ஒருவருக்கும் ஒன்றுமில்லை. கறிவேப்பிலை பெல்ற்றோடு பத்திரம். ஆனால் பின்பக்க அலுமாரிகள் எல்லாம் திறந்துகொண்டன. முதலில் பிரஷர் குக்கர் உருண்டு வந்தது. பிறகு பிள்ளையார் படம், திருநீற்றுப் பெட்டி, இஸ்திரிப்பெட்டி, மூன்று சோடி தாதி உடுப்பு, ரவியின் மகன் பட்டம் வாங்கின படம், ஒரு பைல் நிறைய வரிக் கடிதங்கள். கடைசியாக, இந்த நாட்டில் ஒருவருக்கும் தேவைப்படாத தடித்த பனிக்கோட் ஒன்று சோம்பலாகச் சரிந்து நேசனின் மடியில் விழுந்தது. ரொறன்ரோவில் வாங்கினது. பனிப்புயல் நாளில் ரவி போட்டிருந்தது.

நாலு நாள் சுற்றுலாவுக்கு எவனும் இஸ்திரிப்பெட்டி கொண்டு போவதில்லை.

கொஞ்ச நேரத்தில் பக்கத்துப் பண்ணைக் கமக்காரர் ஒருவர் தன் பிக்கப்பில் நாயோடு வந்தார். கயிறு கட்டி, இரண்டே இழுவையில் வானைத் தாருக்கு ஏற்றிவிட்டார். நேசன் நன்றிப்பெருக்கில் அவருக்கும் ஒரு கார்ட் கொடுத்தான். அவர் அதைத் தொப்பிக்குள் செருகிக்கொண்டு ரவியிடம் கேட்டார்: "வீடு தூரமா? வீட்டுக்கு ஆருக்கும் போன் எடுத்துச் சொல்ல வேணுமா?"

"நீங்கள் இப்ப இழுத்துவிட்டதுதான் வீடு," என்றான் ரவி.

கமக்காரர் வானைச் சுற்றி ஒருதரம் நடந்தார். "நல்ல வீடு," என்றார். "பின்சில்லுக்குக் காத்துப் பார்."

அவர் போன பிறகு மூவரும் சரளையில் குந்தினோம். ரவி கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "பதினொரு மாசம். சண்டை ஒண்டுமில்லை. எனக்கும் வதனிக்கும் கதைக்க ஒண்டும் இல்லாமல் போச்சு. வீட்டை வித்தம். அவ மெல்பேர்ணிலை ஒரு அப்பார்ட்மென்ற் எடுத்தா. நான் இதை எடுத்தன்."

"ஏன்ரா எங்களுக்குச் சொல்லேல்லை?"

"ரொறன்ரோவுக்கோ? இஞ்சை நான் தும்மினால் அங்கை மார்க்கம் ரவுணிலை தலையை மூடி வேது பிடிப்பாங்கள்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "வீட்டை வந்து சொல்லு எண்டது வாய்ப்பழக்கத்திலை வந்திட்டுது. ஒன்பது வருசமா மனசுக்குள்ளை சொல்லிச் சொல்லி வைச்சிருந்த வசனம். சொன்னாப் பிறகுதான் விளங்கிச்சு, கூட்டிக்கொண்டு போக வீடில்லையெண்டு. அதுதான் கடலைச் சுத்தினன்."

நேசன் பனிக்கோட்டை எடுத்து மடித்தான். விரித்துத் திரும்ப மடித்தான். அன்று முழுக்க அவன் சுகந்தியின் "குடுத்தாச்சோ" அழைப்பை எடுக்கவேயில்லை.

வெள்ளி காலை, அதே முகாமில், நான் எழும்பும்போது ரென்றில் நேசன் இல்லை. பொதுக் குளியலறைப் பக்கமிருந்து வந்தான். தோய்ந்த தலை, நெற்றியில் திருநீறு, பட்டுக்கரை வேட்டி. பல் துலக்கிக்கொண்டு நின்ற ஓய்வூதியத் தம்பதி வாயில் நுரையோடு அப்படியே நின்றார்கள்.

"எழும்படா. உடுப்பை மாத்து. ஒருத்தர் வீட்டை போறம்."

"வெற்றிலை?"

அவன் ஏற்கெனவே பொறுக்கியிருந்தான். முகாம் மரத்தடியில் உதிர்ந்த யூக்கலிப்ரஸ் இலைகள், நீட்டு நீட்டாக, கழுவி அடுக்கியபடி. அரிசியும் மஞ்சளும் ரவியின் சாமானிலிருந்து முதல் நாளே சொல்லாமல் எடுத்து அமத்திவிட்டான். பாக்குக்கு நல்ல உருண்டையான இரண்டு கடற்கரைக் கல்லு. ஐயர் பார்த்தால் மயங்கி விழுவார்.

எட்டரை மணி. வானின் பக்கக் கதவுக்கு முன்னால் நேசன் செருப்பைக் கழற்றினான். மூன்று நாளாக மணற்காலோடு ஏறி இறங்கின அதே படிக்கு முன்னால். நானும் கழற்றினேன். நேசன் விரலால் தட்டினான்.

"வீட்டுக்காரர் நிக்கிறியளோ?"

கதவு அரை அடி திறந்தது. இடுப்பில் சாரத்தோடு ரவி. நேசனின் வேட்டியைப் பார்த்தான், தட்டத்தைப் பார்த்தான், கீழே கழற்றிக் கிடந்த செருப்புகளைப் பார்த்தான். "பொறுங்கோ," என்று கதவை இழுத்துச் சாத்தினான். உள்ளே சாமான் உருளும் சத்தம், தண்ணீர்ச் சத்தம், ஒரு தும்மல். திரும்பத் திறந்தபோது நீளக் காற்சட்டை, சேட், தண்ணீர் தொட்டு இழுத்த தலை. கண் சிவந்திருந்தது. தும்மலால் என்று வைத்துக்கொள்வோம்.

"வாங்கோ, வாங்கோ. இருங்கோ," என்றான். எங்களை அவன் ஒருநாளும் இப்படி மரியாதை வைத்துக் கூப்பிட்டதில்லை.

குனிந்துதான் ஏற வேண்டும். வேட்டியோடு நேசன் குனிந்தான். ரவி படுக்கையை மடித்து, இருக்க ஒரு வாங்கு ஆக்கியிருந்தான். நாங்கள் இருவரும் முழங்கால் முட்ட இருந்தோம்.

"மகளுக்குக் கலியாணம் வைச்சிருக்கிறம்," என்றான் நேசன், முதல் தரம் சொல்பவன்போல. எழுந்தான், தலை கூரையில் இடித்தது, அப்படியே குனிந்தபடி தட்டத்தை நீட்டினான். "நீங்கள் கட்டாயம் வந்து நடத்தித் தர வேணும்."

ரவி இரண்டு கையாலும் வாங்கினான். கார்ட்டின் உறையில் சுகந்தியின் எழுத்து: திரு, திருமதி ரவீந்திரன் குடும்பம். அவன் பார்வை அந்த இரண்டாம் சொல்லில் நின்றது.

"மாத்தி எழுதட்டோடா?" என்றான் நேசன் மெதுவாக.

"விடு. வதனிக்கும் ஒண்டு குடு. அபி அவவுக்கும் பிள்ளைதான்." பிறகு விரலை நீட்டி எச்சரித்தான். "குறூப்பிலை போடாதை. வீட்டை போய்ச் சொல்லு."

தேத்தண்ணி போட்டான். இருந்ததே இரண்டு கோப்பை. மூன்றாவது தகரப் பேணி. பேணி எனக்கு வந்தது, கவிஞன் என்பதால்.

சனிக்கிழமை விமான நிலையத்துக்குப் போகும் வழியில் வதனியின் வீட்டுக்குப் போனோம். ரவி தெரு முனையில் வானோடு நின்றான். அவளும் தேத்தண்ணி தந்தாள். கார்ட்டை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, வாசல்வரை வந்து, தெருவைப் பார்க்காமல் கேட்டாள்: "அவர் சாப்பிடுறவரோ, அண்ணை?"

"சுறா வறை வைக்கிறார்," என்றான் நேசன்.

"எனக்கு ஒருநாளும் வைச்சுத் தரேல்லை," என்று சிரித்தாள். அது கோபமா, நிம்மதியா என்று எனக்குப் பிரித்தெடுக்கத் தெரியவில்லை.

விமான நிலைய வாசலில் ரவி கேட்டான்: "ஓகஸ்ட்டிலை வந்தால் எங்கை தங்கிறது? வீடு முழுக்க மாப்பிள்ளை பகுதி நிக்குமே."

"என்ரை ட்ரைவ்வே முழுக்க உனக்கு. வாடகைக்கு ஒரு வான் எடுத்து நிப்பாட்டு. மாப்பிள்ளை பகுதி ரோட்டிலை நிக்கட்டும்," என்றான் நேசன்.

"பாப்பம்," என்றான் ரவி. இம்முறை நான் மொழிபெயர்க்கத் துணியவில்லை.

இதை எழுத ரவியிடம் கேட்டேன். "எழுது, இனி எல்லாருக்கும் தெரியட்டும். ஆனா என்னைக் கொஞ்சம் உயரமா எழுது," என்றான். ஐந்தடி பத்து அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன கிழமை, ஸ்னோ கொட்டிக்கொண்டிருக்க, சுகந்தி மிச்ச ஆட்களுக்காகக் கார்ட்டை வாட்சப் குறூப்பில் போட்டாள். அதே பொன்னெழுத்து. அடியில் அதே வாசகம், நேரில் வந்து அழைத்ததாக ஏற்று வருகை தரவும். கும்பிடுகளும் பூக்களும் மழையாகக் கொட்டின. அவற்றுக்கு நடுவில், ஒன்பது வருடமாகக் குறூப்பில் வாய் திறக்காத ரவி ஒரு விமானச் சீட்டின் படத்தைப் போட்டான். ஓகஸ்ட், ரொறன்ரோ. அதன் கீழே ஒரு வரி எழுதினான்:

"எனக்கு வீட்டை வந்து சொன்னவங்கள்."

எந்த வீடு, புது வீடோ, எப்ப வாங்கினது, எத்தினை அறை என்று மார்க்கத்திலிருந்து ஒஷாவா வரை கேள்விகள் பறந்தன. நேசன் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. ரவியின் வரிக்குக் கீழே ஒரு கட்டைவிரலைப் போட்டான்.